இருபத்திநாலு காகித பஸ்

– மிஷினோட இந்த ஒட்டற மேட்டுல இருந்து பேப்பரை உரிக்காதீங்க, அண்ணே. பேப்பர்ல இருந்து மேட்டை உரிக்கணும்.

– ரெண்டும் ஒண்ணுதானே, தம்பி.

– ஒண்ணு இல்ல. இப்படிக் கவுத்துப் போடணும், சரியா? பேப்பர் பாட்டுக்கு மேசை மேல படுத்திருக்கும். மேட்டை மட்டும் ஓரத்துல இருந்து மடக்கிக்கிட்டே வரணும். நீங்க பேப்பரைப் பிடிச்சு இழுத்தா அது சுருண்டுக்கும். இந்த பஸ்ஸைப் பாருங்க. வளைவுல திரும்பிக்கிட்டு நிக்குது.

– முறைப்படி இதை முதல்லயே காட்டியிருக்கணும் நீ.

– ரெண்டு தடவை காட்டினேன். நீங்க போனையே பாத்துட்டிருந்தீங்க.

– உன் அண்ணி கூப்பிடுவாளோன்னுதான். கடையில இருக்கேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

– ஞாயித்துக்கிழமை கண்ணாடிக்கடை திறந்திருக்கா?

– கணக்கெடுப்புன்னு சொன்னேன். ஃபிரேம் எத்தனை இருக்குன்னு எண்ணணும்னு. அவ நம்பலை. ஆனா கேள்வியும் கேக்கலை.

– அண்ணி கேள்வி கேக்கலையா?

– அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு. நேத்துல இருந்தே ஒரு மாதிரி இருக்கா. சாயங்காலம் தலைவலி மாத்திரை வாங்கிட்டு வரேன்னு கிளம்பினா. மருந்துக்கடை எங்க தெருமுனையிலதான். ஒன்றரை மணி நேரம் கழிச்சு வந்தா. மாத்திரை எங்கடின்னா, தலைவலி போயிடுச்சுங்கறா. ராத்திரி சாப்பிடலை. உன் வீட்டுக்காரி தட்டுல போட்டுக் கொடுத்தும் சாப்பிடலை.

– மனசு இளகுதோ என்னமோ.

– அப்படித்தான் நானும் நினைச்சுக்கிட்டேன். உன் வீட்டுக்காரி எப்படி, நாளைக்கு வருவாளா?

– அவ என்னைக்கு தனியா முடிவெடுத்திருக்கா. அக்கா வந்தா நான் வரேன், அக்கா வரலைன்னா நான் வரலை. இதைச் சொல்லிட்டுத்தான் பெட்டியை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தா. போறப்போ நல்ல மேட்டு ரெண்டையும் எடுத்துட்டுப் போயிட்டா. புது பிளேடையும் எடுத்துட்டுப் போயிட்டா.

– அதான் வந்த அன்னைக்கு அவ பெட்டி அவ்வளவு தட்டையா இருந்துச்சா. துணிமணி கொண்டு வரலையான்னு நானே கேட்டேன்.

– பேப்பர் வெட்டற மிஷினே அவளோடது, அண்ணே. பிறந்தநாள் ஆர்டர் எடுக்கறது அவ. நான் மடிக்கறது ஒட்டறது மட்டும்தான். மிஷினையும் தூக்கிட்டுப் போயிருப்பா, கனமா இருந்துச்சு. இப்ப இந்தப் பழைய மேட்டை சோப்புப் போட்டுக் கழுவி, காய வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன். பாதி ஒட்டுது, பாதி ஒட்டலை. அதுக்குத்தான் நாலு ஓரத்துலயும் டேப்பு.

– மாமனாருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் உக்காந்து தோரணம் வெட்டறோம். வெளிய சொன்னா வாயால சிரிக்க மாட்டாங்க.

– வெளிய யாருகிட்ட சொல்லப் போறோம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ரெண்டு சாட்சி. அப்புறம் நாலு மணிக்கு இந்த வீட்டுல டீ, கேக்கு. மொத்தமே இருபது பேரு. பஸ் டிப்போவுல மாமா கூட வேலை பாத்தவங்கதான் முக்கால்வாசி.

– மகளுங்க ரெண்டும் வராம டிப்போ ஆளுங்க மட்டும் வந்தா நல்லாவா இருக்கும்?

– நல்லா இருக்காதுன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்.

– மடிக்கக் கை பத்தலைன்னு கூப்பிட்டே.

– அதுவும்தான். அறுபது விசிறி மடிக்கணும். இந்தாங்க, நீளத்துண்டு. மிஷினே கோடு போட்டுக் கொடுத்திருக்கு. கோட்டுக்குக் கோடு முன்னாடி பின்னாடின்னு மடிச்சுட்டு வாங்க. கடைசியில ரெண்டு முனையையும் சேத்து ஒட்டினா வட்டமா விரியும்.

– இதென்ன கொக்கி?

– ஜன்னல் எடுக்கறதுக்கு. பஸ்ஸுக்கு ஜன்னல் வெட்டியிருக்கில்ல, அந்தத் துணுக்கெல்லாம் மேட்டுலயே ஒட்டிக்கும். குத்தி எடுக்கணும்.

– பல்லு டாக்டர் வெச்சிருக்கற சாமான் மாதிரி இருக்கே.

– லேப்ல இருந்து கொண்டு வந்தேன்.

– யாரு வாயில போன கொக்கி தம்பி இது?

– வாய்க்குள்ள போறது இல்ல. பல்லு செட்டுக்கு மெழுகு செதுக்கறது. நான் யாரு வாயையும் பாக்கறதில்ல, அண்ணே. வாயோட அச்சு மட்டும்தான் என்கிட்ட வரும்.

– கொடுத்து வெச்சவன். நான் நாள் முழுக்க கண்ணையே பாத்துட்டிருக்கேன். பாக்கற ஒவ்வொரு கண்ணும் என்னைத் திருப்பிப் பாக்குது.

– இப்ப லோடு பண்றேன். இந்த அம்புக்குறி பட்டனை அழுத்தினதும் ரோலர் உள்ள இழுத்துக்கும். கை வைக்காதீங்க. தானா போகும்.

– சத்தம் இப்படித்தான் வருமா?

– பிளேடு மழுங்கிடுச்சு. ஒரே கோட்டுல ரெண்டு தடவை ஓட விட்டிருக்கேன். ஒரு தடவையில வெட்டினா ஓரம் நார் நாரா பிசிறும்.

– மாமாவுக்குத் தொந்தரவா இருக்காதா? படுத்திருக்கறார்னியே.

– காலையில ஏழரைக்கு வெளிய போனாரு. ஒம்பதரைக்கு வந்தாரு. வந்ததும் கதவைச் சாத்திக்கிட்டாரு. சாப்பிட வாங்கன்னேன். நீங்க வேலையைப் பாருங்க மாப்பிள்ளை, நான் கொஞ்சம் படுக்கறேன்னாரு.

– நாளைக்குக் கல்யாணம்னா படபடப்பு இருக்கும்ல. எனக்கு முந்தின நாள் வாந்தி.

– உங்களுக்கு வாந்தி வந்தது அண்ணியை முதல் தடவை பாத்த அன்னைக்குன்னு மாமா சொல்லுவாரு.

– அது வேற. அது பஸ்ல வந்ததால.

– மாமா ஓட்டின பஸ்லயா?

– பொண்ணு பாக்க வந்தவன், பொண்ணோட அப்பா ஓட்டற பஸ்ல வரான்னு அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. வாந்தி எடுத்ததும், இப்ப மாமா கட்டிக்கப் போற அந்தக் கண்டக்டரம்மாதான் காகிதத்தைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னாங்க. அன்னைக்கே முறைப்படி நல்லாத்தான் இருந்தாங்க. அதட்டலை.

– அப்ப மாமாவுக்கு முன்னாடி உங்களுக்குத்தான் அவங்களைத் தெரியும்.

– இருபத்திரெண்டு வருஷம் ஒரே வண்டியில வேலை பாத்திருக்காங்க. யாரை யாருக்கு முன்னாடி தெரியும்னு என்ன கணக்கு. அதுதானே உன் அண்ணிக்குப் பிரச்சனையே. இருபத்திரெண்டு வருஷமும் அம்மா உயிரோட இருந்தாளேங்கறா.

– அண்ணி கேக்கறது அந்த ஒரு கேள்விதான்னு எனக்கும் தெரியும்.

– அதே ஒரு கேள்விதான். கல்யாணம் பண்ணிக்கறதுல அவளுக்கு ஒண்ணும் இல்ல. வயசான காலத்துல தனியா இருக்க வேணாம்னு அவளே சொல்லுவா. ஆனா அம்மா இருந்தப்பவே இது இருந்துச்சா, இல்லையா. அதுக்கு அப்பா வாயால ஒரு பதில் வேணும்ங்கறா. ஆறு மாசமா இதுதான் எங்க வீட்டுல காலை டிபன், ராத்திரி சாப்பாடு எல்லாம்.

– அவ நேர்ல வந்து கேக்கட்டும்னு மாமா சொல்லிட்டாரு.

– அவ, அவரே வந்து சொல்லட்டும்ங்கறா. அப்பனும் மகளும் ஒரே அச்சு. நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கறேன். இன்னைக்கு எப்படியாவது அவருகிட்ட இருந்து வாங்கிடணும்னுதான் வந்தேன், தம்பி. அவ நாளைக்கு வரலைன்னா அப்புறம் என்னைக்குமே வர மாட்டா. எனக்கு அவளைத் தெரியும். அவரு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா வந்துடுவா.

– சரி, எழுந்திரிச்சதும் கேளுங்க. இந்தாங்க, அடுத்த மேட்டு. நான் டேப்பு வெட்டறேன், நீங்க பேப்பரை வைங்க.

– வெச்சாச்சு. முன்னாடி மூணு தடவை நான்தானே வெச்சேன்.

– அண்ணே.

– என்ன?

– அந்த மூணு தடவையும் இப்படித்தான் வெச்சீங்களா?

– எப்படி?

– கலர் பக்கம் கீழ இருக்கு.

– கலர் அழுக்காயிடக் கூடாதேன்னு கீழ வெச்சேன்.

– ஊருக்கே கண்ணு பாக்கறவரு நீங்க. பேப்பருக்கு முன் பக்கம் எது, பின் பக்கம் எதுன்னு தெரியலையே. ஒரு பக்கம்தான் கலரு, மறுபக்கம் வெள்ளை. கவுத்து வெச்சு வெட்டினா பஸ்ஸு திரும்பிக்கும். இதைப் பாருங்க. நான் வெட்டினது எல்லாம் இடது பக்கம் போகுது. நீங்க வெச்சதெல்லாம் வலது பக்கம் போகுது.

– எத்தனை?

– ஒரு மேட்டுக்கு நாலு. மூணு மேட்டு. பன்னெண்டு பஸ்ஸு எதிர்ல வருது.

– திருப்பி மாட்டினா?

– வெள்ளைப் பக்கம் தெரியும். சிவப்பு பஸ்ஸுதான், இருபத்திநாலு வேணும்னு மாமா கேட்டாரு. அவரு கேட்டதே இந்த ஒண்ணுதான். வேற பூவு, நட்சத்திரம் எதுவும் வேணாம்னுட்டாரு. முன்னாடி டிரைவர் சீட்டுல ஒரு தலை, பின் கதவுகிட்ட ஒரு தலை. கண்டக்டர் தலை நடுவுல இருக்கக் கூடாது, பின் படிக்கட்டுகிட்டதான் இருக்கணும்னு ரெண்டு தடவை மாத்த வெச்சாரு. கயித்துல பஸ்ஸுக்கு பஸ்ஸு ஒரு முழம் தள்ளித் தள்ளி.

– சிவப்பு பேப்பர் இன்னும் இருக்கா?

– ரெண்டு தாள் இருக்கு. எட்டு பஸ்ஸு வரும்.

– அப்ப நாலு எதிர்ல வரட்டும். ரோடுன்னா ரெண்டு பக்கமும் வண்டி போகும்.

– ஒரே கயித்துல மாட்டினா மோதிக்கும், அண்ணே.

– ரெண்டு கயிறு கட்டு. மேல ஒண்ணு போகட்டும், கீழ ஒண்ணு வரட்டும். முறைப்படி அதான் சரி. பஸ்ஸுன்னா போயிட்டுத் திரும்பி வரணும். போயிக்கிட்டே இருக்கறதுக்கு அது கப்பலா.

– அட. இது நல்லா இருக்கே.

– பாத்தியா. தப்பும் சில நேரம் எடுத்துக் கொடுக்கும்.

– உங்க தப்பு எடுத்துக் கொடுக்கறது இதுதான் முதல் தடவை.

– குத்திக் காட்டறே. குத்து. ஆறு வருஷம் சேத்து வெச்சிருப்பே.

– நான் ஒண்ணும் சேத்து வெக்கலை.

– வெச்சிருக்கே. அந்த சோபாவைத்தானே சொல்றே.

– நான் சோபாவைப் பத்திப் பேசவே இல்ல. நீங்கதான் இப்ப எடுத்தீங்க.

– எனக்குத் தெரியாதா. என் கடை திறந்த அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடி உன்னைக் காட்டிச் சொன்னேன். இவரு மாமனார் வீட்டு சோபா மாதிரி, வாங்கிப் போட்டா அங்கயே கிடப்பாருன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சே.

– சிரிக்காம என்ன பண்றது. கையில கேக்குத் தட்டு இருந்துச்சு.

– அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சுது. தப்பாப் பேசிட்டோம்னு.

– தெரிஞ்சு என்ன பண்ணீங்க?

– ஒண்ணும் பண்ணலை. நீ போன் பண்ணுவேன்னு பாத்தேன்.

– நான் எதுக்குப் பண்ணணும்?

– அதுவும் சரிதான்.

– அத்தை ஆஸ்பத்திரியில இருந்தப்போ பதினேழு நாள், அண்ணே. அந்த வராண்டாவுல ரெண்டே பெஞ்சு. ஒண்ணுல நீங்க, ஒண்ணுல நான். டீ வாங்கிட்டு வந்தா நீங்க ஒண்ணு வாங்குவீங்க, நான் ஒண்ணு வாங்குவேன். நர்ஸு வந்து, நீங்க ரெண்டு பேரும் வேற வேற பேஷண்டுக்கு வந்திருக்கீங்களான்னு கேட்டுச்சு.

– ஆமா. நான் தலையாட்டினேன்.

– நானும்தான்.

– வீட்டோட மாப்பிள்ளைங்கறதுல எனக்கு ஒரு பொறாமை, தம்பி. இப்ப சொல்லலாம். எங்க வீட்டுல நான் பேசினா கேக்க ஆள் இல்ல. நீ இங்க மாமா கூட உக்காந்து ரேடியோ கேப்பே. நான் வந்தா ரெண்டு பேரும் எழுந்து நின்னு, வாங்க வாங்கம்பீங்க. எழுந்து நின்னு வரவேத்தா அந்த ஆள் விருந்தாளிதானே.

– இதை ஆறு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே.

– சோபான்னு சொல்ல வந்துச்சு, இது வரலை.

– சரி விடுங்க. விசிறி மடிங்க. கோட்டை விட்டுட்டு மடிக்கறீங்க.

– நான் மன்னிப்புக் கேட்டதா எடுத்துக்கறியா?

– கேட்டீங்களா?

– இப்ப கேட்டேனே.

– எடுத்துக்கிட்டேன். கோட்டுல மடிங்க.

– இப்ப சரியா இருக்கா?

– ம். முனையை அழுத்திப் பிடிங்க. பசை சூடு, விரலைத் தள்ளி வைங்க. பத்து எண்ணுங்க.

– அத்தை இருந்து பாத்திருந்தா சிரிச்சிருப்பாங்க. பதினேழு நாள் பேசாதவங்க இப்ப கையைப் பிடிச்சுக்கிட்டுப் பத்து எண்ணறாங்க பாருன்னு.

– எட்டு. ஒம்பது. பத்து. விடுங்க. ஒட்டிக்கிச்சு.

– இந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் நீ எங்க இருப்பே? தப்பா கேக்கலை.

– இங்கதான். நான் வாடகைக்கு வீடு பாத்துட்டேன், மாமாகிட்ட சொன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா. வரப்போறவங்க ஒரு ஆளு, அதுக்கு ரெண்டு பேரை எறக்கி விட முடியாதுன்னாரு. அந்தம்மாவும் அதையேதான் சொல்லியிருக்காங்க. பிள்ளைங்க போனா நான் வரலைன்னு.

– அப்படியா சொன்னாங்க?

– போன மாசம் வந்தாங்க. இந்த மேசையிலதான் உக்காந்தாங்க. மிஷின் வெட்டறதை அரை மணி நேரம் பாத்தாங்க. கிளம்பறப்போ கீழ கிடந்த துணுக்கெல்லாம் பொறுக்கி ஒரு கவருல போட்டு வெச்சுட்டுப் போனாங்க. என் வீட்டுக்காரி உள்ள ரூமுல கதவைச் சாத்திக்கிட்டு இருந்தா. அவங்களுக்குத் தெரியும். வரேம்மான்னு கதவைப் பாத்துச் சொல்லிட்டுப் போனாங்க.

– அவ என்ன சொன்னா?

– உள்ள இருந்து, சரிங்கன்னா. பழக்க தோஷம்.

– மாமா எப்படி இருக்காரு, இந்த ஆறு மாசமா?

– தினமும் ஷேவ் பண்றாரு. அத்தை போனதுக்கு அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவைதான் பண்ணுவாரு. இப்ப தினமும். சட்டை காலரைத் திருப்பிப் பாத்துட்டுப் போடறாரு. வேற ஒரு வித்தியாசமும் தெரியலை. இருங்க. மிஷின் முடிச்சுடுச்சு.

– ஏன் மாப்பிள்ளை, சத்தம் நின்னுடுச்சு?

– வாங்க மாமா. எழுப்பி விட்டுட்டோமா?

– இல்ல, இல்ல. ரொம்ப நேரமா கரகரன்னு கேட்டுக்கிட்டிருந்துச்சு. திடீர்னு நின்னுதா, சண்டை கிண்டை போட்டுக்கிட்டீங்களோன்னு வந்தேன். உக்காருங்க, பெரிய மாப்பிள்ளை. எதுக்கு எழுந்திரிக்கறீங்க.

– உடம்பு எப்படி இருக்கு மாமா? முகம் ஒரு மாதிரி இருக்கே.

– நல்லாத்தான் இருக்கேன். இதா அந்த வண்டி? நல்லா வந்திருக்கு. ஜன்னல் எல்லாம் சுத்தமா இருக்கு. ரெண்டு வரிசை கட்டியிருக்கீங்க.

– அது வந்து, கொஞ்சம் தப்பாயிடுச்சு மாமா. பாதி வண்டி எதிர்ப்பக்கம் போகுது.

– ரைட்டு. இருக்கட்டும். ஷெட்டுக்குத் திரும்பற வண்டி. அதுலயும் கண்டக்டர் பின்னாடிதான் நிக்கறாங்க. சரியாத்தான் இருக்கு.

– மாமா, உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது.

– கேளுங்க.

– அத்தை இருந்த காலத்துல... உங்களுக்கும் அந்தம்மாவுக்கும்... அதாவது, முறைப்படி சொல்லணும்னா...

– முறைப்படி சொல்ல அதுல என்ன இருக்கு. நீங்க கேக்கறீங்களா, பெரியவ கேக்கறாளா?

– அவதான். நானும்தான்னு வெச்சுக்குங்களேன்.

– இல்ல.

– இல்லையா?

– இல்ல. வண்டியில நான் முன்னாடி, அவங்க பின்னாடி. நடுவுல அறுபது எழுபது பேரு. கண்ணாடியில பாத்தா அவங்க தலை கூடத் தெரியாது. ஒரு விசில்னா நிறுத்தணும், ரெண்டு விசில்னா எடுக்கணும். இருபத்திரெண்டு வருஷத்துல எங்க பேச்சு அவ்வளவுதான். டிப்போவுல எறங்கினா அவங்க வழி அவங்களுக்கு, என் வழி எனக்கு. உங்க அத்தை சமைச்சுக் கொடுத்த டப்பாவைத் தவிர நான் வேற யாரு டப்பாவையும் திறந்ததில்ல.

– அப்புறம் எப்படி மாமா?

– உங்க அத்தை போய் ரெண்டு வருஷம் கழிச்சு மார்க்கெட்டுல பாத்தேன். முட்டை வாங்கிக்கிட்டிருந்தாங்க. ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பாத்து வாங்கினாங்க. அன்னைக்குத்தான் அவங்க முகத்தை முழுசாப் பாத்தேன். கூட்டம் இல்லாம, கண்ணாடி இல்லாம. அதுவரைக்கும் அவங்க எனக்கு ஒரு விசில் சத்தம்.

– இதை ஒரு வார்த்தை பெரியவகிட்ட சொல்லியிருந்தா இந்த ஆறு மாசமும் இல்லையே மாமா.

– பெத்த பொண்ணு சந்தேகப்பட்டா, அப்பன் போய் வாசல்ல நின்னு நான் யோக்கியன்னு சொல்லணுமா? நேர்ல வந்து கேளுன்னேன். என் முகத்தைப் பாத்துக் கேட்டா சொல்லியிருப்பேன். அவ வரலை.

– இப்ப நான் சொல்லிடறேன்.

– வேணாம் மாப்பிள்ளை. விடுங்க.

– இருங்க மாமா. இத்தனை நாள் நீங்க ரெண்டு பேரும் பிடிச்ச பிடிவாதம் போதும்.

– அதுக்கில்ல...

– தம்பி, ஒரு நிமிஷம் மிஷினை ஓட்டாதே, போன் போடறேன். ஹலோ. ஆமா. கடையிலதான். இல்ல, கடையில இல்ல. உங்க அப்பா வீட்டுல இருக்கேன். திட்டாதே, முதல்ல கேளு. உங்க அப்பாகிட்ட கேட்டுட்டேன். இல்லைன்னுட்டாரு. ஆமா, அவரு வாயாலதான். ஒண்ணுமே இல்லையாம். அம்மா போய் ரெண்டு வருஷம் கழிச்சு மார்க்கெட்டுல பாத்தாராம். சத்தியமா. எனக்கு அவரு பொய் சொல்ற மாதிரி தெரியலை, நான் தினமும் நூறு கண்ணு பாக்கறவன். என்ன? வேற ஒண்ணும் சொல்லலை. இல்லடி, வேற எதுவும் சொல்லலை. என்ன சொல்லணும்? எத்தனை தடவை கேப்பே. சரி. சின்னவளையும் கூட்டிட்டு வா. அழறியா? சரி, சரி. வெச்சுடறேன்.

– என்னண்ணே?

– வராளாம். ரெண்டு பேரும் வராங்க. நாளைக்குக் காலையிலயே வந்து ஏதாவது ஒத்தாசை பண்றாங்களாம்.

– அண்ணி உடனே சரின்னுட்டாங்களா?

– உடனே. நான் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டணும்னு நினைச்சேன். அப்பா வேற ஏதாவது சொன்னாரா, வேற ஏதாவது சொன்னாரான்னு மூணு தடவை கேட்டா. அப்புறம் அழுகை. மாமா, கேட்டீங்களா. ரெண்டு மகளும் வராங்க.

– கேட்டுச்சு.

– ஆறு மாசமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தீங்க.

– ஆமா. இந்த விசிறி பிரியுது, சின்ன மாப்பிள்ளை. இன்னும் கொஞ்சம் பசை வைங்க.

– கொடுங்க மாமா, நான் பாத்துக்கறேன். நல்ல மேட்டும் வந்துடும், புது பிளேடும் வந்துடும். மிச்ச பஸ்ஸை காலையில அவளே வெட்டிடுவா. நீங்க முதல்ல அந்தம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க.

– எடுக்க மாட்டாங்க.

– ஏன் மாமா?

– காலையில எட்டரை வண்டியில தங்கச்சி ஊருக்குப் போயிட்டாங்க. நான்தான் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் ஏத்தி விட்டேன். பின் படிக்கட்டுல ஏறாம முன்பக்கமா ஏறி உக்காந்தாங்க.

– நாளைக்குக் காலையில வந்துடுவாங்களா?

– வர மாட்டாங்க. வீட்டுச் சாவியைக் கூட பக்கத்து வீட்டுல கொடுத்துட்டாங்க.

– மாமா, அப்ப நாங்க காலையில இருந்து வெட்டிக்கிட்டிருக்கறது?

– சொல்லத்தான் பதினோரு மணிக்கு எழுந்து வந்தேன், மாப்பிள்ளை. கதவைத் திறக்கப் போறேன், வெளிய நீங்க ரெண்டு பேரும் அந்த சோபாவைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க. ஆறு வருஷம் கழிச்சு. நடுவுல வந்து நிக்க எனக்கு மனசு வரலை. திரும்பிப் போய்ப் படுத்துக்கிட்டேன்.

– எந்த ஊரு மாமா? சொல்லுங்க. நான் இப்பவே காரை எடுக்கறேன். பொண்ணுங்க வரலைங்கற வருத்தத்துல போயிருக்காங்க, அவ்வளவுதானே. இப்பத்தான் வராங்களே. முறைப்படி நானும் தம்பியும் போய்க் கூப்பிட்டா வராமப் போயிடுவாங்களா?

– அதுக்காகப் போகலை. பொண்ணுங்க வரலைன்னா என்ன, நாம கேக்கை வெட்டி டிப்போவுக்குக் கொடுத்து விடலாம்னு போன வாரம் கூட சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.

– அப்புறம் எதுக்கு மாமா?

– இப்ப நீங்க என்கிட்ட ஒண்ணு கேட்டீங்களே மாப்பிள்ளை, அதை நேத்து சாயங்காலம் பெரியவ அவங்க வீட்டு வாசல்ல நின்னு அவங்ககிட்ட கேட்டுட்டுப் போயிருக்கா, தெரு முழுக்கக் கேக்கற மாதிரி.